நத்தை வயிற்றில்

எங்கள் சலவை இயந்திரம்
சுழலும்போதெல்லாம் நடக்கும்.
காலையில் சுவரோரம் விட்டால்
மதியம் அடுப்பருகே நிற்கும்.
ஒரு கால் குட்டை என்றான் எர்மீனியோ.
ஊர்ப் படகுகளுக்கெல்லாம் எஞ்சின் பார்ப்பவன்,
வீட்டு எஞ்சின் என்றால் மட்டும்
நாளைக்கு.

அந்த வாரம் தேவாலயக் கூடத்தில்
பழைய புத்தகங்களை எடைக்கு விற்றார்கள்.
விரலை வைத்துத் தடிமன் அளந்து வாங்கினேன்.
நாலு விரல். அட்டை இல்லை.
கிலோ கணக்கில் பார்த்தால்
வெங்காயத்தைவிட மலிவு.

பதினோரு மாதம்
சோப்பு நுரை குடித்து,
எங்கள் உள்ளாடைகளின் பாரம் சுமந்து
அங்கேயே கிடந்தது.

பிறகு பிப்ரவரிப் புயல்.
கப்பல் இல்லை, டிக்கெட் கூண்டில் எனக்கு வேலை இல்லை.
எதிரே ஃபையால் தீவு மழைக்குள் போய்விட்டது.
மின்சாரமும் அதன் பின்னாலேயே போனது.
வீட்டில் படிக்க இருந்தவை:
மருந்துச் சீட்டு, வரி நோட்டீஸ்,
போன வருடக் காலண்டர்.
இயந்திரத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடி என்றேன்.
உருவி எடுத்தேன்.
ஒட்டிக்கிடந்த பக்கங்களை
செதில் சுரண்டும் கத்தியால் பிரித்தேன்.

நத்தைகள்.
முதலிலிருந்து கடைசிவரை நத்தைகள்.
அறுநூற்றுச் சொச்சம் பக்கம்
ஒரு மனிதன் நத்தையைப் பற்றியே பேசியிருக்கிறான்.
சிரித்தேன்.
மூன்றாவது மெழுகுவர்த்தி ஏற்றியபோது
சிரிப்பு எங்கே நின்றதென்று நினைவில்லை.

வறண்ட நாட்டில் ஒரு நத்தை
தன் ஈரத்தாலேயே கதவு செய்து
உள்ளே தாழிட்டுக்கொண்டு
மூன்று வருடம் தூங்குகிறதாம்.
ஒரு மழைக்கு எழுந்து
விட்ட இலையிலிருந்து தின்னுகிறதாம்.
'தாமதமாகிவிட்டது என்று
அது நினைத்ததற்குச் சான்று எதுவும் இல்லை'
என்று எழுதியிருந்தான்.
இருபத்தாறு வருடமாக
ஆறேகால் கப்பலுக்கு ஓடியவள் நான்.
அந்த வரியை நாலு முறை
வாய்விட்டுப் படித்தேன்.
தூக்கத்தில் எர்மீனியோ 'யார்?' என்றான்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்,
கடல் நத்தைகள் தொடங்கும் இடத்தில்,
ஒரு துண்டுச்சீட்டு.
முட்டை.
விளக்குத் திரி.
அரைக் கிலோ ஆணி.
அல்தீனாவிடம் சொல்லிவிட வேண்டும்.
முதல் மூன்றையும் பென்சில் அடித்திருந்தது.
கடைசி வரியை அடிக்கவில்லை.

எங்கள் ஊரில் நாலு அல்தீனா.

ரொட்டிக்கடை அல்தீனா
மாவுக் கையோடு சீட்டை வாங்கி
'எனக்குக் கடன்பட்டவனாக இருக்கும்' என்றாள்.
பண்ணை அல்தீனாவுக்குக் காது கேட்காது,
யார் என்ன சொல்லியும் பயனில்லை.
மூன்றாமவள் கல்லறைத் தோட்டத்தில்.
கொஞ்ச நேரம் நின்றேன்,
சீட்டைப் பையிலிருந்து எடுக்காமலே.

தபால் ஆபீஸ் அல்தீனா
கையெழுத்தைப் பார்த்தாள்.
திருப்பினாள். பின்னால் ஒன்றுமில்லை.
தபால்தலை விலை சொல்கிற அதே குரலில்
'எந்தப் புத்தகம்?' என்றாள்.
சொன்னேன்.
'எந்தப் பக்கம்?'
சொன்னேன்.
முத்திரைக் கட்டை அந்தரத்தில் நின்றது.
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.
'கொண்டு வாயேன், ஒதீலியா' என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்து ஐந்து வாரம்.
அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
தபால் ஆபீஸ் மாடியில்
இரவு இரண்டு மணிக்கும் விளக்கு எரிகிறது.
நான் முந்நூற்று நாற்பதில் விட்டேன்.
அங்கே ஒரு நத்தை
திராட்சைக் கொடியில் பாதி ஏறியிருந்தது.
மீதி தெரியவில்லை.

அதனால்தான் இந்த ராத்திரியில்
தோட்டத்துக் கறுங்கல் சுவரோரம்
டார்ச் அடித்துக் குந்தியிருக்கிறேன்.
செங்கல் வைத்தும் நிற்கவில்லை,
இயந்திரம் வாசல்வரை வந்துவிட்டது என்று
ஜன்னலிலிருந்து கத்துகிறான் எர்மீனியோ.

சத்தம் போடாதே, என்கிறேன்.
இது இப்போதுதான்
கொம்பை வெளியே நீட்டுகிறது.